அரிப்பில் ஒரு பொறிப்பு இயந்திரம்

அரிப்புக்கு வருகின்றவர்கள் வழமையாக இரண்டு இடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். ஒன்று, கடற்கரை மேட்டின் விளிம்பில் இடிந்து நிற்கும் டொறிக் மாளிகை. இலங்கையின் முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரெட்ரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காக 1801 முதல் 1804 வரையான காலத்தில் கட்டுவித்தது. ஊரவர்கள் அதனை அல்லிராணியோடு சேர்த்தே பேசுவார்கள். மற்றையது, போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் வைத்திருந்த சிறிய கோட்டை. கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறைப்பட்டிருந்த றொபேர்ட் நொக்ஸ், 1679 ஒக்டோபரில் அருவியாற்றை வழிகாட்டியாகக் கொண்டு தப்பிவந்து சேர்ந்த இடம் அது. 1681இல் இலண்டனில் வெளியான அவரது நூலில் உள்ள படங்கள் செப்புத்தகட்டில் பொறித்து அச்சிடப்பட்டவை. இந்தத் தகவலை இங்கே குறித்துவைப்பதற்குக் காரணம் உண்டு. நான் எழுத வந்ததும் பொறித்தலைப் பற்றித்தான்.

எனது நண்பர் ஒருவர் அரிப்பில் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது இளையவர். படகு எஞ்சின்கள் திருத்துவது அவரது தொழில். வீட்டின் பின்புறத்தில் தகரக் கூரை போட்ட பட்டறை. அதன் ஒரு மூலையில், சுமார் ஆளுயரத்தில், வார்ப்பிரும்பாலான இயந்திரம் ஒன்று நிற்கிறது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் டெய்லர் ஹொப்சன் நிறுவனம் செய்தது. 1886இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தாரின் முதற்தொழில் கமெராக்களுக்கான வில்லைகள் செய்வது. வில்லையின் உலோக வளையத்தில் எண்களையும் கோடுகளையும் துல்லியமாகப் பொறிப்பதற்கு இயந்திரம் தேவைப்பட்டது. தமக்காகச் செய்ததைப் பின்னர் மற்றவர்களுக்கும் விற்றார்கள். அப்படி விற்கப்பட்ட ஆயிரக்கணக்கான இயந்திரங்களில் ஒன்றை, நண்பரின் தந்தையார் எழுபதுகளில் கொழும்பில் பழைய பொருளாக வாங்கி லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

இது பன்ரோகிராப் என்ற தத்துவத்தில் இயங்குவது. 1603இல் கிறிஸ்தோப் ஷைனர் என்ற யேசுசபைத் துறவி வரைபடங்களைப் பெருப்பிக்கவும் சிறுப்பிக்கவும் அமைத்த கருவிதான் இதன் மூதாதை. நான்கு கைகள் இணைகரமாகப் பொருத்தப்பட்டிருக்கும். ஒரு முனையில் மழுங்கிய ஊசி. மறுமுனையில் சுழலும் வெட்டுமுனை. பெரிய பித்தளை அச்செழுத்தின் பள்ளத்திற்குள் ஊசியைக் கையால் நகர்த்திக்கொண்டு போனால், வெட்டுமுனை அதே வடிவத்தைச் சிறிதாக உலோகத்தில் வெட்டும். நான்குக்கு ஒன்று என்று கைகளைப் பொருத்தினால், 48 மில்லிமீற்றர் எழுத்து 12 மில்லிமீற்றராக இறங்கும். கை நடுக்கத்தால் வரும் பிழையும் நான்கில் ஒன்றாகக் குறையும். முதலாம் உலகப்போரில் இறந்த பிரித்தானியப் படைவீரர்களின் கல்லறைக் கற்கள் இலட்சக்கணக்கில் தேவைப்பட்டபோது, அவற்றில் பெயர் வெட்டும் வேலையை விரைவாக்கியதும் இதே வகை இயந்திரங்கள்தான்.

தந்தையார் வாங்கிய இயந்திரத்தோடு ஆங்கில எழுத்துகள் மாத்திரம் வந்தன. தமிழ் அச்செழுத்துகளை எந்தக் கம்பனியும் அவருக்குச் செய்து கொடுக்கவில்லை. பித்தளைத் தகடுகளில் அவரே வரைந்து, அரத்தாலும் உளியாலும் ஒவ்வோர் எழுத்தாகப் பள்ளம் எடுத்தார். அந்த வேலை முடிய இரண்டு வருடம் ஆனதாம். அதன் பிறகு இந்தக் கரையோரத்தில் பெயர்ப்பலகை வேண்டியவர்கள் எல்லோரும் அவரிடம் வந்தார்கள். பாடசாலை அதிபரின் அறைக் கதவு, கோவிலுக்கு விளக்குக் கொடுத்தவரின் பெயர், சிலாவத்துறை முஸ்லிம் வர்த்தகர்களின் கடைப் பலகைகள், எல்லாவற்றுக்கும் மேலாகச் சேமக்காலையில் வைக்கும் பித்தளைத் தகடுகள்.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது முசலிப் பக்கத்து வாடிக்கையாளர்களில் பெரும்பகுதியினர் ஒரே கிழமையில் இல்லாமற் போனார்கள். 2007 செப்டெம்பரில் இராணுவம் சிலாவத்துறையைக் கைப்பற்றிய காலத்தில் நண்பரின் குடும்பமும் இடம்பெயர்ந்தது. கையில் எடுத்துச் செல்லக்கூடியதைத்தான் எடுத்துச் செல்ல முடியும். முந்நூறு கிலோவுக்குக் குறையாத வார்ப்பிரும்பு அதில் அடங்காது. மீண்டு வந்தபோது கூரை இல்லை. இயந்திரம் நின்ற இடத்திலேயே துருப்பிடித்து நின்றது. பித்தளை எழுத்துகள் இருந்த மரப்பெட்டியைக் காணவில்லை. பித்தளைக்கு எங்கும் விலை உண்டு. தந்தையார் அதற்குப் பின்னர் அதிக காலம் உயிரோடு இருக்கவில்லை. அவருடைய கல்லறைக்குத் தகடு வெட்ட எழுத்து இருக்கவில்லை. எனாமல் பெயின்ரால் எழுதினார்கள்.

அரிப்பு கத்தோலிக்கக் கிராமம். நவெம்பர் 2ஆம் திகதி இறந்தோர் நினைவுநாள். ஒக்டோபர் கடைசியில் குடும்பங்கள் சேமக்காலைக்குப் போய்ப் புல் வெட்டி, சுண்ணாம்பு அடித்து, சீமெந்துச் சிலுவைகளில் பெயரை மறுபடி எழுதுவார்கள். உப்புக் காற்றிலும் வெயிலிலும் பெயின்ர் நீண்டகாலம் நிற்பதில்லை. எழுத ஆள் இருக்கும்வரை பெயர் இருக்கும். கனடாவுக்கோ இத்தாலிக்கோ குடும்பம் போய்விட்டால், சில வருடங்களில் சிலுவை வெறும் சீமெந்தாகிவிடும். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகையில் வேலை செய்தவன். நமது பத்திரிகைகளில் வாசகர்கள் மிகக் கவனமாக வாசிக்கும் பக்கம் ஆசிரியர் தலையங்கம் இல்லை; மரண அறிவித்தல் பக்கம். ஒரு பெயரில் ஒரு புள்ளி தவறினால் மறுநாள் காலை தொலைபேசி மணி அடிக்கும். பெயர் எவ்வளவு பெரிய விடயம் என்பதை இந்தத் தொழில் கற்றுத்தந்தது. ஆகவே நண்பர் இயந்திரத்தை மீண்டும் இயக்கப் போகிறேன் என்று சொன்னபோது, எனக்கு அது பழைய இரும்பின் மீதுள்ள ஆசையாகத் தோன்றவில்லை.

வேலை 2021இல் தொடங்கியது. அவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பன்ரோகிராப் கைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, மேசையின் கீழ்த் திருகாணிகளில் மோட்டர்களைப் பூட்டுவது. பழைய இயந்திரங்களைக் கணினிக் கட்டுப்பாட்டுக்கு மாற்றுகின்ற பலர் செய்வது இதைத்தான். துல்லியமான திருகாணிகள் வேண்டும். அவற்றின் விலை நண்பருக்கு எட்டாதது. இரண்டாவது வழி, கைகளை அப்படியே வைத்துக்கொண்டு, ஊசியைப் பிடித்திருந்த மனிதனின் கைக்குப் பதிலாக மோட்டர்களை வைப்பது. ஊசியை முன்பின்னாகவும் இடம்வலமாகவும் நகர்த்துவதற்கு ஒரு சிறிய சட்டகம் போதும். அதில் வரும் பிழை எதுவானாலும் வெட்டுமுனைக்குப் போகும்போது நான்கில் ஒன்றாகிவிடும். மலிவான பொருளைக் கொண்டே நுட்பமான வேலை செய்யலாம். இன்னொரு காரணத்தையும் நண்பர் சொன்னார்:

"அண்ணன், நாளைக்குக் கரண்ட் இல்லையெண்டாலும், கணினி பழுதெண்டாலும், சட்டத்தைக் கழட்டி வைச்சிற்று அப்பா மாதிரிக் கையால வெட்டலாம்."

அடுத்த ஆண்டில் அந்தப் பேச்சின் பொருள் நாடு முழுவதற்கும் விளங்கியது. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலங்களுக்கும் மேல் மின்வெட்டு. டொலர் இல்லாததால் இறக்குமதியும் முடங்கியது. சட்டகத்தின் உருக்குத் தண்டுகளைப் பழைய போட்டோக்கொப்பி இயந்திரங்களிலிருந்து கழற்றினார். இரண்டு மோட்டர்கள் ஒரு பெரிய அச்சுப்பொறியிலிருந்து வந்தன. ஊசிக்கும் வெட்டுமுனைக்கும் இடையிலுள்ள மூட்டுகளில் தேய்ந்திருந்த பேரிங்குகளுக்கு மாத்திரம் புதியவை வாங்கினார். மூட்டு ஆடினால் நான்கில் ஒன்று என்ற கணக்கு பொய்யாகிவிடும்.

இந்த மோட்டர்கள் மின்விசிறி மோட்டர்போலத் தொடர்ந்து சுழல்பவை அல்ல. ஒரு மின்துடிப்புக்கு ஒரு படி என்று, முழுச் சுற்றை 200 படிகளில் முடிப்பவை. ஸ்டெப்பர் என்ற பெயர் அதனால்தான். ஒவ்வொரு படியையும் மின்சுற்று மேலும் 16 ஆகப் பிரிக்கும். ஆகவே ஒரு சுற்றுக்கு 3200 நுண்படிகள். பல்லுப்பட்டி ஒரு சுற்றில் 40 மில்லிமீற்றர் நகரும். கணக்குப் பார்த்தால் ஊசியில் ஒரு மில்லிமீற்றருக்கு 80 நுண்படிகள். வெட்டுமுனையில் ஒரு நுண்படி என்பது ஒரு மில்லிமீற்றரின் முந்நூறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. பித்தளைத் தகட்டில் பெயர் வெட்டுவதற்கு இது தேவைக்கும் அதிகம். மூன்றாவது மோட்டர் ஒன்று வெட்டுமுனையை ஏற்றி இறக்கும்.

எண்களால் இயந்திரத்தை நடத்தலாம் என்பது 1952இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் செய்து காட்டப்பட்டது. அப்போது கட்டளைகள் துளையிட்ட நாடாவில் இருந்தன. கட்டுப்பாட்டுப் பெட்டியே ஓர் அறைக்கலன் அளவுக்குப் பெரியது. இன்று அதே வேலையைச் செய்வது உள்ளங்கைக்குள் அடங்கும் ஆர்டுவினோ என்ற பலகை. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில், மின்னணுவியல் படிக்காத மாணவர்களும் பயன்படுத்துவதற்கென்று உருவாக்கப்பட்டது. அதில் ஏற்றப்படும் ஜெர்பில் என்ற மென்பொருளை 2009இல் நோர்வே நாட்டவர் ஒருவர் எழுதி இலவசமாக வெளியிட்டார். வெறும் 32 கிலோபைட் நினைவகத்தில் அது அடங்கிவிடுகிறது. எங்கோ யாரோ இலவசமாகக் கொடுத்தது, அருவியாற்று முகத்துவாரத்தில் ஒரு தகரக் கொட்டகைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

இயந்திரம் அசையத் தொடங்கிய பிறகுதான் உண்மையான சிக்கல் வந்தது. கணினியில் உள்ள தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் எழுத்தின் புறக்கோட்டை வைத்திருப்பவை. அச்சுக்கு அது சரி. உள்ளே மை நிரம்பிவிடும். வெட்டுமுனைக்கு அதைக் கொடுத்தால் எழுத்தின் இரண்டு ஓரங்களையும் தனித்தனியே சுற்றி வெட்டி, உள்ளே கோறையான எழுத்தைத் தரும். பொறிப்பதற்கு வேண்டியது எழுத்தின் நடுக்கோடு ஒன்றுதான். ஆங்கிலத்துக்கு இந்தப் பிரச்சினை 1967இலேயே தீர்ந்துவிட்டது. அலன் ஹெர்ஷி என்ற அமெரிக்கக் கடற்படை ஆய்வாளர் ஒற்றைக்கோட்டு எழுத்துகளை எண்களாக எழுதி வெளியிட்டார். இலத்தீன், கிரேக்கம், சிரிலிக், யப்பானிய எழுத்துகள்கூட அதில் உண்டு. தமிழ் இல்லை.

நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் சொன்னார்: "அப்பாட எழுத்து முழுக்கச் சேமக்காலையிலதானே கிடக்குது."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மெல்லிய தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போனோம். குடும்பத்தவர்களிடம் முன்கூட்டியே கேட்டிருந்தோம். தகட்டின் மேல் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால், பொறித்த இடம் வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் வரும். பெயர்ந்து போனவை, களவு போனவை தவிர, இருபத்தேழு தகடுகள் கிடைத்தன. எல்லாவற்றிலும் ஒரே கையின் எழுத்து. 'ழ'வின் வால் சற்று நீளம். 'ற'வின் இரண்டாம் வளைவு முதலாவதைவிட உயரம். 'மலர்வு', 'உதிர்வு' என்ற இரண்டு சொற்களும் ஏறக்குறைய எல்லாத் தகடுகளிலும் இருந்ததால், அந்த எழுத்துகளுக்குப் பல மாதிரிகள் கிடைத்தன.

தமிழ் எழுத்துகள் 247 என்று பாடசாலையில் படித்திருக்கிறோம். பொறிப்பவனுக்கு அத்தனை தேவையில்லை. கொம்பு, துணைக்கால் போன்றவற்றைத் தனியாகச் செய்துகொண்டால் மிகுதி குறைந்துவிடும். 'கு', 'டு', 'மு', 'னு' என்று உகர ஊகாரங்கள் மாத்திரம் ஒவ்வோர் எழுத்துக்கும் வடிவம் மாறுவதால் அவற்றைத் தனித்தனியே செய்யவேண்டும். கிரந்த எழுத்துகளையும் சேர்த்து எண்பது வடிவங்கள் வரையில் வந்தன. இவற்றில் ஐம்பத்து மூன்று சேமக்காலையில் கிடைத்தன. மனிதர்களின் பெயர்களில் வராத எழுத்துகள் அங்கே இருக்க நியாயமில்லை அல்லவா? 'ஙூ' என்ற எழுத்தோடு இந்த ஊரில் யாரும் பிறந்ததில்லை. ஆனால் 'ஹ' கிடைக்கவில்லை. அது சிலாவத்துறைக் கடைப் பலகைகளில் இருந்திருக்கும். அந்தப் பலகைகள் ஒன்றும் மிஞ்சவில்லை. மற்ற எழுத்துகளின் சாயலைப் பார்த்து அதை நாங்கள் வரைந்தோம்.

ஒவ்வொரு தாளையும் வைத்துக்கொண்டு, கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே முனை மேலே எழும்ப வேண்டும், மறுபடி எங்கே இறங்க வேண்டும் என்று புள்ளி புள்ளியாகக் குறித்தேன். கலைப் பட்டதாரியான எனக்கு அந்தப் பட்டறையில் செய்யக்கூடியதாக இருந்த வேலை அது ஒன்றுதான். கிளிநொச்சியில் பொறியியல் படிக்கும் நண்பரின் மகன் அவற்றைக் கணினியில் ஏற்றி, தட்டச்சுச் செய்யும் பெயரை இயந்திரத்துக்கான கட்டளைகளாக மாற்றும் சிறிய நிரல் ஒன்றை எழுதினான். யுனிகோடில் 'கொ' என்பது ககரத்துக்குப் பிறகு ஒரே குறியாகச் சேமிக்கப்பட்டிருக்கும். வெட்டும்போது கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வரவேண்டும். அந்த ஒழுங்கை மாற்றிக்கொடுப்பதே நிரலின் பாதி வேலை.

இதைச் செய்துகொண்டிருந்தபோது ஒன்று விளங்கியது. தமிழ் எழுத்து நெடுங்காலம் பொறிக்கப்பட்டுத்தான் வந்திருக்கிறது. ஓலையில் எழுத்தாணியால் எழுதுவது பொறிப்பே, அது ஒற்றைக்கோடே. ஓலை கிழியும் என்று புள்ளி வைக்காமல் விட்டார்கள். பித்தளைக்கு அந்தப் பயம் இல்லை. புள்ளி வந்ததும் வெட்டுமுனை ஓரிடத்தில் இறங்கி ஏறிவிடும். மன்னாரோடு தொடர்புடைய இன்னொரு செய்தியும் உண்டு. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிய பின்னர் அங்கே பணியாற்றிய யேசுசபைக் குருவானவர் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ். 1578இல் கொல்லத்தில் அச்சான அவரது 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கங்கள் கொண்டது. அதற்காகவும் யாரோ தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாக உலோகத்தில் வெட்டியிருக்கிறார்கள்.

அரிப்புக் கரைக்கும் நுணுக்கமாகத் துளைக்கும் தொழிலுக்கும் உள்ள உறவு இன்னும் நேரடியானது. 1803இல் வெளியான தமது நூலில் றொபேர்ட் பேர்சிவல் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி முத்துத் துளைப்பவர்களை வருணிக்கிறார். தலைகீழான கூம்புபோன்ற மரக்கட்டை. ஆறங்குல நீளம், மூன்று கால்கள். அதன் மேற்பரப்பிலுள்ள குழிகளில் முத்தைப் பதித்து, வில்லின் நாணால் சுழலும் ஊசியால் துளைப்பார்கள். வலக்கைச் சின்னவிரலைத் தேங்காய்ச் சிரட்டை நீரில் அடிக்கடி தோய்த்து ஊசியைக் குளிர வைப்பார்கள். வில்லை ஓட்டும் தாளம் தவறாது. முத்துக்குளிப்பு 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியோடு ஓய்ந்துவிட்டது. நண்பரின் தந்தையாரும் பித்தளை வெட்டும்போது சின்னவிரலால்தான் எண்ணெய் தொட்டு வைப்பாராம். யாரிடமிருந்து பழகினார் என்று கேட்க இப்போது ஆள் இல்லை.

முதலாவது தகடு பல தடவை பழுதாகியது. வெட்டுமுனையைச் சுழற்றும் பழைய மோட்டரில் எழும் தீப்பொறி, கட்டுப்பாட்டுக் கம்பிகளில் பொய்யான துடிப்புகளை உண்டாக்கியது. எழுத்தின் நடுவில் இயந்திரம் தானாக நின்றுவிடும். கவசமிட்ட கம்பிகள் மாற்றி, புவிக்கம்பியைச் சரியாகப் போட்ட பிறகு அது தீர்ந்தது. மின்சாரம் நடுவில் போனால் எந்த இடத்தில் நின்றேன் என்பது மோட்டர்களுக்கு நினைவிராது. ஒரு மூலையிலுள்ள ஆளிவரை சென்று மறுபடி கணக்கைத் தொடங்கவேண்டும். ஆழத்தை ஒரே தடவையில் எடுக்காமல், தடவைக்கு ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்றாக நான்கு தடவை வெட்டினால்தான் ஓரம் பிசிறில்லாமல் வருகிறது. 2023 ஒக்டோபரில் நண்பரின் தந்தையாருக்கான தகடு வெட்டி முடிந்தது. அவருடைய எழுத்திலேயே அவருடைய பெயர். நண்பர் அதைத் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு படகு எஞ்சின் ஒன்றைப் பார்க்கவேண்டும் என்று வெளியே போய்விட்டார்.

அதன் பிறகு ஊரில் பலர் கேட்டு வந்தார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் தொலைபேசியில் பெயர்களை அனுப்புகிறார்கள். வந்தவர்களில் ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். மகனின் பெயரைப் பொறிக்கக் கேட்டார். நிரலில் 'மலர்வு', 'உதிர்வு' என்று இரண்டு வரிகள் ஏற்கனவே அமைக்கப்பட்டிருந்தன. மலர்ந்த திகதியைச் சொன்னார். இரண்டாவது திகதியைத் தம்பி கேட்டபோது, "அது எனக்குத் தெரியாது மகன். தெரிஞ்ச ஆக்கள் சொல்லேல்லை" என்றார். 2009இலிருந்து மகனைத் தேடுகிறவர். எத்தனையோ அலுவலகங்களில் எத்தனையோ படிவங்களை நிரப்பியவர். காணாமற்போனோர் அலுவலகம் 2016இல் சட்டமாகி, 2018இல் இயங்கத் தொடங்கியபோது அங்கும் போனவர். கல்லறைக்கு வைக்கத் தகடு கேட்கவில்லை. வீட்டுச் சுவரில், மகனின் படத்துக்குக் கீழே வைக்கக் கேட்டார்.

'உதிர்வு' என்ற சொல்லை எடுத்துவிடலாம் என்று நண்பர் சொன்னார். அம்மா யோசித்தார். சொல்லும் வேண்டாம், அதற்கான இடமும் வேண்டாம், பெயருக்குக் கீழே மலர்ந்த திகதியை நடுவில் போடுங்கள் என்றார். இடம் விட்டு வைத்தால் அது நிரம்பக் காத்திருப்பதுபோல் இருக்கும் என்பது அவருடைய எண்ணம். பத்திரிகையில் மரண அறிவித்தலுக்கு ஒரு விலை, நினைவஞ்சலிக்கு ஒரு விலை என்று அட்டவணை வைத்திருந்தோம். இந்த அம்மாவின் அறிவித்தலை எந்தத் தலைப்பின் கீழ் வாங்கியிருப்போம் என்று எண்ணிப் பார்த்தேன். அதற்குத் தலைப்பு இருக்கவில்லை. நண்பரின் மகன் அன்றிரவு நிரலில் மூன்றாவது அமைப்பு ஒன்றைச் சேர்த்தான்: பெயர், பிறந்த திகதி, அவ்வளவுதான். அதன் பிறகு அதே அமைப்பைக் கேட்டு இன்னும் நான்கு குடும்பங்கள் வந்திருக்கின்றன. அந்தத் தகடுகளுக்கு நண்பர் பித்தளையின் விலைகூட வாங்குவதில்லை.

எண்பது எழுத்துகளும் அடங்கிய கோப்பு மிகச் சிறியது. அதை விலைக்குக் கொடுப்பதில்லை என்று தந்தையும் மகனும் முடிவு செய்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலோ தஞ்சாவூரிலோ ரொறொன்ரோவிலோ பழைய பொறிப்பு இயந்திரம் வைத்திருக்கும் எவரும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். 'ஹ'வை மாத்திரம் நாங்கள் இன்னும் முடிந்ததாகக் கொள்ளவில்லை. சிலாவத்துறைக்குத் திரும்பி வந்திருக்கும் குடும்பங்களில் யாரிடமாவது அந்தக் காலத்துப் பெயர்ப்பலகை ஒன்று, உடைந்த துண்டாகவேனும், இருக்கக்கூடும் என்று நண்பர் விசாரித்துக்கொண்டிருக்கிறார். புத்தளத்தில் தங்கிவிட்ட ஒரு கடைக்காரரின் வீட்டில் அப்படியொரு பலகை இருப்பதாகச் சென்ற மாதம் ஒருவர் சொன்னார். அடுத்த கிழமை தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு இருவருமாகப் போவதாக இருக்கிறோம்.